ஆறு கட்டையில் தொடங்கிய பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒத்திகையைச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தேன். கீபோர்டு வாசிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஆன்ட்டி, பட்டனை அழுத்தினா சுருதி தானா மாறிடுது. அப்புறம் எதுக்குப் பன்னெண்டு சுருதியிலயும் பிராக்டிஸ் பண்ணச் சொல்றீங்க?" அப்போது சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நின்றுகொண்டு இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேள்வியில் தப்பில்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும், இந்தப் பக்கம் நாட்றம்பள்ளி வரைக்கும், கல்யாண ரிசப்ஷன்களில் நான் வாசித்த காலத்தில் பெரும்பகுதி அந்தப் பட்டனை நம்பித்தான் பிழைத்தேன். விரல்கள் எப்போதும் ஒரு கட்டையில், அதாவது வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடும். பாடுகிற பெண் ஐந்து கட்டை என்றால் பட்டன், ஆறு கட்டை என்றால் பட்டன். யாரும் குறை சொன்னதில்லை.

ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்கு ஜாஸ் பைத்தியம் பிடித்தது. வேறு எதையோ தேடும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. எந்த நாடு என்று தெரியாத ஒரு பியானோ ஆசிரியர், மூன்றே கார்டுகளை, அதாவது சேர்த்து அழுத்துகிற ஸ்வரக் கொத்துகளை, எடுத்துக்கொண்டு எல்லாச் சுருதிகளிலும் சுற்றி வந்தார். அந்தச் சுருதியின் இரண்டாவது கார்டு, பிறகு ஐந்தாவது, பிறகு பாட்டு வந்து அமர்கிற வீட்டுக் கார்டு, அதாவது ஒன்றாவது. ஒன்றில் வந்து சேர்ந்ததும் அதையே அடுத்த சுருதியின் இரண்டாக மாற்றிக்கொண்டு மறுபடியும் கிளம்பிவிடுவார். அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. கை புரிந்தது. அவர் பெயரை இன்றுவரை சரியாக உச்சரிக்கத் தெரியாது. எனக்கு வாய்த்த ஆசிரியர்களிலேயே பொறுமையானவர் அவர்தான், எத்தனை முறை நிறுத்தித் திருப்பிப் போட்டாலும் முகம் சுளிக்கவில்லை.

வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன். எனக்கு மட்டும் இசை, வீட்டுக்கு வெறும் கட்டைச் சத்தம். என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, கதவருகே நின்று கேட்டுவிட்டு, "டைப்ரைட்டிங் கிளாஸ் முடிஞ்சதும் சாப்பாடு போடு" என்பார். நாலரை கட்டையில் நான் மாட்டிக்கொண்டிருந்த வாரம் ரசத்தில் உப்பே இல்லை. அவர் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னா, இன்னும் நாலரையா?" என்று மட்டும் கேட்டார்.

வெளியில் போகும்போதும் விடவில்லை. வேலூர் லாங் பஜார் நெரிசலில் நிற்கும்போது எதிரே வரும் வண்டியின் நம்பரில் கடைசி எண்ணைப் பார்ப்பேன். அந்த எண் எந்தக் கட்டையோ, அதற்குரிய மூன்று கார்டுகளையும் வண்டி என்னைத் தாண்டுவதற்குள் மனதில் சொல்லிவிட வேண்டும். ஏழுக்கு மேலோ பூஜ்ஜியமோ வந்தால், எனக்குப் பிடிக்காத கறுப்புக் கட்டை ஒன்று, நாலரையோ ஐந்தரையோ. ஒருமுறை தள்ளுவண்டிக்காரர் ஒருவர் என் புடவையை உரசி நிறுத்தி, "யம்மா, வண்டியப் பாக்குறியா, நம்பரப் பாக்குறியா?" என்றார். நம்பரை என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

பிறகு வந்தது மாற்றுக் கார்டு. ஐந்தாவது கார்டிலிருந்துதான் வீட்டுக்கு வர வேண்டும் என்றில்லை. வீட்டுக் கார்டுக்கு அரைக்கட்டை மேலே ஒரு கார்டு இருக்கிறது, அதிலிருந்தும் அப்படியே வழுக்கி வீட்டுக்கு வரலாம். இரண்டு கார்டுகளுக்கும் உயிராக இருப்பவை அதே இரண்டு ஸ்வரங்கள்தான். இதைக் கண்டுகொண்ட அன்று சந்தோஷம் தாங்காமல் ஒத்திகையில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். டிரம்ஸ் வாசிக்கும் பஷீர் பாயை உங்களுக்குத் தெரியும். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு கட்டைன்றே, ரெண்டாவது கார்டுன்றே, அஞ்சு கட்டைன்றே, அஞ்சாவது கார்டுன்றே. எனக்குப் பேஜாரா இருக்குக்கா. எங்க தட்டணும்னு மட்டும் சொல்லு" என்றார். பேஸ் கிதார் தயாளன் ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவர். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கல்யாணத்துல இதையெல்லாம் யாருக்கா கேக்கப் போறாங்க? பிரியாணி எப்ப போடுவாங்கன்னுதான் பாப்பாங்க."

அவர் சொன்னதும் உண்மைதான். ஸ்டெல்லாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் வரைக்கும் இந்தப் பயிற்சிக்கு மேடையில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஸ்டெல்லா எங்கள் குழுவின் பாடகி. பகலில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்ஷனில் லைன் சூப்பர்வைசர். மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கடைசி டேபிள் வரைக்கும் கேட்கிற குரல். மேடையில் ஆறரை கட்டையில் பாடுவாள், ஞாயிறு ஆராதனையில் நான் கீபோர்டு வாசிக்கிற எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவில், உச்சக் குரல்கள் நிற்கிற சோப்ரானோ வரிசையில் முதல் ஆள். கழுத்தில் தைராய்டு கட்டி வந்து வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தின் பக்கத்தில்தான் போகிறது, குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாறிவிட்டது. முதலில் வெறும் காற்று. அப்புறம் மெல்லப் பேச்சு வந்தது. வந்த குரல் தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து, சீக்கிரம் களைத்துப்போகிற குரலாக இருந்தது.

வேலைக்குத் திரும்பினாள். லைனில் கூப்பிடுவதற்கு ஒரு விசில் வாங்கிக்கொண்டாள். ஆனால் பாடவில்லை. ஆலயத்தில் அதே சோப்ரானோ வரிசையில் நின்று, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை மூடியபடி இருப்பாள். கீபோர்டிலிருந்து பார்த்தால் நேராக எனக்கு அவள் முகம்தான் தெரியும். ஞாயிறுதோறும் அதைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"பாடிப் பாத்தேங்க்கா, பாத்ரூம்ல" என்றாள். "என் தொண்டையில வேற யாரோ குடிவந்த மாதிரி இருக்கு. பழைய எடத்துக்குப் போறேன், அங்க ஒண்ணுமே இல்ல."

"புது எடம் எங்க இருக்குன்னு பாத்தியா?"

"அது தினம் ஒரு எடத்துல இருக்குது. எதுன்னு நான் போய் நிப்பேன்?"

அடுத்த வாரத்திலிருந்து சிறிய கீபோர்டை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் வழக்கம்போல் சுருதி கொடுத்தேன். அவள் அதைப் பிடிக்கப் பார்த்தாள், குரல் உடைந்தது, எழுந்து போய் காபி போட ஆரம்பித்துவிட்டாள். அடுக்களையில் வேலையாக இருந்தவள் தன்னை அறியாமல் மெல்ல முனகினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கொடுக்கிற சுருதி அவளுக்குத் தேர்வு வைப்பதுபோல் இருந்தது. கேட்ட மறுநிமிடமே முன்பு எவ்வளவு உயரம் போனோம் என்று அளந்துபார்க்க ஆரம்பித்துவிடுகிறாள்.

"ஸ்டெல்லா, இனிமே நான் சுருதி குடுக்க மாட்டேன். உனக்கு எங்க வருதோ அங்க ஆரம்பி. நான் வந்து சேர்ந்துக்கறேன்" என்றேன்.

"எந்தக் கட்டைன்னு உனக்கு எப்டிக்கா தெரியும்?"

"அது என் கவலை."

அப்படித்தான் போனது. ஒருநாள் ஐந்தில் ஆரம்பிப்பாள், ஒருநாள் ஐந்தரையில், மழை நாளில் நாலரையில். அவள் இரண்டு வார்த்தை பாடி முடிப்பதற்குள் என் கை அங்கே போயிருக்கும். பட்டனில் தேடிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை, தேடுகிற சத்தம் கேட்டாலே அவள் நிறுத்திவிடுவாள். சில நாள் நடுப்பாட்டில் குரல் களைக்கும். அப்போது மாற்றுக் கார்டு கைகொடுத்தது. நாம் நிற்கிற வீட்டுக் கார்டிலேயே ஏழாவது ஸ்வரத்தைத் தாழ்த்திச் சேர்த்துவிட்டால், அது அரைக்கட்டை கீழே இருக்கும் வீட்டுக்குப் போகிற வழியாகிவிடும். நீங்கள் வாசித்துப் பாருங்கள், கேட்பவருக்கு மாடிப்படி இறங்கியதுபோல் இருக்காது. அவளுக்குக் குரல் இறங்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

இந்த நிலையில்தான் கோகிலாவின் கல்யாணம் வந்தது. கோகிலா ஸ்டெல்லாவின் லைனில் தையல் மெஷினில் இருந்த பெண், நாட்றம்பள்ளி பக்கத்தில் ஒரு கிராமம். வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்தே, தன் ரிசப்ஷனில் ஸ்டெல்லா அக்காதான் பாட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எங்கள் குழுவைத்தான் பேசியிருந்தார்கள். பத்திரிகை கொடுக்க வந்தபோது கேட்டாளாம். "ஒரே ஒரு பாட்டுக்கா. நீ பேசற மாதிரி பாடினாக்கூட போதும்." ஸ்டெல்லாவால் மறுக்க முடியவில்லை. என்னிடம் வந்து, "ஒத்துக்கிட்டேங்க்கா. இது நல்லா வரலன்னா இதோட விட்டுடறேன். நீயும் ஆட்டோவுல கீபோர்டைத் தூக்கிட்டு வராத" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை.

தயாளனையும் பஷீர் பாயையும் உட்காரவைத்துப் பேசினேன். நடுப்பாட்டில் நான் அரைக்கட்டை இறங்கினாலும் இறங்குவேன், பேஸும் கூடவே வராவிட்டால் எல்லாம் நாறிப்போகும் என்றேன். தயாளன் இந்த முறை கோபித்துக்கொள்ளவில்லை. "சிக்னல் விழாம நான் ட்ராக் மாற மாட்டேங்க்கா. அதை மட்டும் தெளிவா குடுங்க" என்றார். இடது கையை எடுத்துக் கட்டைவிரலைக் கீழே காட்டினால் அரைக்கட்டை இறக்கம் என்று முடிவு செய்தோம். பஷீர் பாய், "நீங்க எறங்குறப்ப நான் ஜாஸ்தியா சத்தம் போட்டு மூடிக்கறேன்" என்றார்.

மண்டபம் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. லாரிகள் போகும்போது மைக் லேசாக அதிரும். கம்பெனிப் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் ஸ்டெல்லாவின் லைன். மற்ற பாட்டுகளை வேறு இருவர் பாடி முடித்ததும் ஸ்டெல்லா மேடைக்கு வந்தாள். கழுத்துத் தழும்பு தெரியாமல் முந்தானையைச் சுற்றியிருந்தாள். அந்தப் பெண்கள் கைதட்டிய சத்தம் அவளை ஓர் அடி பின்னால் தள்ளியதை நான் பார்த்தேன். பிறகு ஆரம்பித்தாள்.

முதல் வார்த்தையிலேயே என் கை போய் நின்ற இடத்தைப் பார்த்தேன். ஆறு கட்டை. வீட்டில் ஒருநாளும் அவ்வளவு உயரத்தில் அவள் தொடங்கியதில்லை. பதற்றம் குரலைத் தூக்கிவிடும், இதை நீங்களும் பார்ப்பீர்கள். பல்லவி கீழேயே சுற்றுகிற பாட்டு என்பதால் சமாளித்துவிடுவாள். சரணம் மேலே ஏறும். அங்கே அவளிடம் குரல் இல்லை என்பது மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாமா என்று யோசித்தேன். வேறு யாராவது பாடியிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், சிரித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டெல்லா அன்று நின்றுவிட்டால் மறுபடி ஆரம்பிக்க மாட்டாள். அதனால் ஆறிலேயே அவளைத் தாங்கிக்கொண்டு வாசித்தேன். வலது கையைக் குறைத்துக்கொண்டு, அவள் குரல் தனியாகத் தெரியாதபடி கார்டுகளை மட்டும் நிறைத்தேன்.

பல்லவியை இரண்டாம் முறை பாடும்போது கடைசி வரியில் குரல் பிளந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஸ்வரம். ஆனால் அவளுடைய மைக் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது. என் பக்கம் திரும்பினாள். ஆலயத்தில் வாயை மூடி நிற்கும்போது இருக்குமே, அதே முகம்.

சரணத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டிய இசை அப்போது என் கையில் இருந்தது. அதைத் தொடங்கினேன். ஸ்டெல்லாவைப் பார்த்து, அவசரமில்லை என்று தலையை ஆட்டினேன். வழக்கமாக முடிகிற இடம் வந்தது, நான் முடிக்கவில்லை, நீட்டினேன். பஷீர் பாய் ஒரு புருவத்தைத் தூக்கிவிட்டுத் தாளத்தைத் தொடர்ந்தார். ஆறு கட்டை வீட்டுக் கார்டில் ஏழாவது ஸ்வரத்தைத் தாழ்த்திச் சேர்த்து, கட்டைவிரலைக் கீழே காட்டினேன். தயாளன் பார்த்துவிட்டார். இருவரும் சேர்ந்து ஐந்தரையில் போய் இறங்கினோம். பஷீர் பாய் சொன்னபடியே டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்டி அதை மூடினார்.

ஐந்தரை போதாது, இன்னும் அரை வேண்டும். மறுபடி கையைக் காட்டினேன். உடனே இன்னொரு இறக்கம் வரும் என்று தயாளன் எதிர்பார்க்கவில்லை. நான் ஐந்தரைக் கார்டில் நின்றுகொண்டிருக்க, அவர் பதறி, கைக்குப் பழகிய வழியில் ரெண்டு கட்டைக்குப் போய்விட்டார். அவர் முகம் வெளுத்தது. ஆனால் ஒலி கெட்டுப்போகவில்லை. ஐந்து கட்டை வீட்டுக்கு, அவர் நின்ற ரெண்டு கட்டைதான் ஐந்தாவது கார்டு, நேர் வழி, நான் நின்ற ஐந்தரை மாற்று வழி. இரண்டும் சேர்ந்து, நான் திட்டமிட்டிருந்தால்கூட வந்திருக்காத ஒரு அழகோடு ஐந்து கட்டையில் வந்து விழுந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெல்லா என் சிரிப்பைப் பார்த்தாள். மைக்கை மேலே தூக்கினாள்.

சரணத்தைப் பாடினாள். மேலே ஏறுகிற இடத்தில் குரல் போய்ச் சேர்ந்தது, பழைய மினுமினுப்பு இல்லை, கரகரப்போடு, ஒரு பெரிய மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல். மணமேடையில் கோகிலா மாலையோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்வரிசைப் பெண்கள் கூச்சல் போடவில்லை, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பல்லவியில் குரல் மறுபடி தளர்ந்தபோது நாலரைக்கு இறங்கினேன். இந்த முறை தயாளன் சரியாக வந்தார்.

மேடையை விட்டு இறங்கியதும் முதலில் வந்தவர் தயாளன்தான். "சாரிக்கா, ரெண்டாவது தடவை தப்பா போய்ட்டேன்."

"தப்பா? ஒத்திகையில உங்களுக்கு நான் தொண்டை வறள விளக்கினது அதத்தான்" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "அப்டியா? அப்போ இன்னொருவாட்டி விளக்குங்க. பிரியாணி சாப்ட்டுட்டு."

ஸ்டெல்லா கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கியது அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்திருந்தேன். தெரியாமலே இருக்கட்டும் என்றும் நினைத்திருந்தேன்.

"ஒரு கட்டை எறங்கின இல்ல?"

"கடைசியில ஒன்றரை."

"தெரிஞ்சுதுக்கா. எனக்காக மூணு பேரும் கஷ்டப்பட்டு எறங்கிட்டிருந்தீங்க. மேல நிக்கணும்னு நான் மட்டும் எதுக்குப் புடிவாதமா இருக்கணும்னு தோணுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பஷீர் பாய் மட்டும் காது கிழியறாப்ல தட்டிட்டாரு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு. ஆலயத்தில் நான் கீபோர்டை ஆன் செய்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லா பாடகர் குழுவின் பக்கம் வந்தாள். சோப்ரானோ வரிசையில் அவள் இடம் காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய், பின்னால் தாழ்ந்த குரல்கள் நிற்கிற ஆல்டோ வரிசையின் ஓரத்தில் நின்றாள். அங்கே இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பக்கத்தில் நின்றவள் தன் புத்தகத்தை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள், ஆல்டோ வரிகள் ஸ்டெல்லாவுக்குப் புதிது இல்லையா.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணத்தில் அவள் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டாவதில், மெட்டுக்குக் கீழே, அந்தக் கரகரத்த குரல் தனியாக எனக்குக் கேட்டது.

கடைசிச் சரணத்தை நான் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன். போதகர் திரும்பிப் பார்த்தார், நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.